லூசியா-ஒன்பதின் கடைசி மன்றாட்டு

திருக்குடும்பக் கூடத்தை மூடுவது என்று முடிவானதும், முதல் வேலையாக மூடுவதற்கான குழு ஒன்றைத் திறந்துவைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், கேக்கும் வெட்டினார்கள்.

கூடம் என்றால் கட்டடம் இல்லை. கத்தோலிக்கர்கள் கூடிச் செபிப்பதற்கான இணையதளம். டெலிபோன் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகி, அது கீச்சிட்டு முனகி இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருந்த காலத்தில் தொடங்கியது. சிதம்பரம் கீழவீதியில் சபாபதி என்பவரின் கம்ப்யூட்டர் சென்டருக்கு மேல்மாடிதான் தலைமையகம். நிறுவியவர் பேராசிரியர் சார்லஸ். அன்றிலிருந்து அவர்தான் தலைவர். ஒவ்வொரு தேர்தலிலும் போட்டியிட மாட்டேன் என்பார். அவரே ஒதுங்கும்போது நாம் நிற்பது மரியாதை இல்லை என்று மற்றவர்களும் ஒதுங்கிவிடுவார்கள். ஆளில்லாத குறைக்கு அவரே இருந்துகொள்வார்.

லூர்துசாமிக்கு இந்த அரசியல் எதுவும் தெரியாது. மேல்பட்டாம்பாக்கம் தாண்டி ரோட்டோரத்தில் இருக்கும் லாரி எடைமேடையில் அவருக்கு வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்து, சீட்டு அடித்து, ஜன்னல் வழியாக நீட்டுவார். "எவ்ளோ?" என்பான் டிரைவர். எடையைச் சொல்வார். பல நாட்களில் அவர் வாய்விட்டுப் பேசியது எடை மட்டும்தான். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகள் ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அவர் குடியிருக்கும் வீட்டில் டிவி ஓடும். அவர் அதைப் பார்ப்பதில்லை. வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று போட்டுவைப்பார்.

அப்படிப்பட்ட ஆளுக்குக் கூடம் என்னவாக இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் கூடத்தின் சட்டதிட்டங்களை விளக்கித்தான் ஆக வேண்டும்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சேருகிற நாளில் எந்தப் புனிதரின் திருநாள் வருகிறதோ அந்தப் பெயரைத் தருவார்கள், பின்னால் ஓர் எண்ணோடு. லூர்துசாமி சேர்ந்தது டிசம்பரில், புனித லூசியாவின் திருநாளில். ஆகையால் அவர் லூசியா-9. மாற்றித் தரும்படி எழுதினார். "புனிதத்தில் ஆண் பெண் இல்லை. தவிர, பெயர் மாற்றுவதற்குப் பட்டன் இல்லை" என்று பதில் வந்தது.

அடுத்தது விதி ஏழு. உறுப்பினர்கள் தங்கள் பெயர், ஊர், தொழில், போன் நம்பர் எதையும் வெளியிடக் கூடாது. ஒருவரோடு ஒருவர் அரட்டை அடிக்கக் கூடாது. எழுதுவதெல்லாம் செபமாக இருக்க வேண்டும். "ஆண்டவரே" என்று தொடங்கி "ஆமென்" என்று முடிய வேண்டும். படிக்கிறவர்கள் கீழே இருக்கும் "செபிக்கிறேன்" பட்டனை அழுத்தலாம்.

மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஆண்டவரிடம் சொல்வதுபோல ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள்.

"ஆண்டவரே, லூசியா சகோதரிக்கு இருமல் நிற்கவில்லை என்று அறிகிறேன். ஆடாதொடை இலையில் கசாயம் வைத்துக் குடிக்க அவருக்கு ஞானத்தைத் தாரும். ஆமென்." இது மோனிக்கா-3 எழுதியது.

"ஆண்டவரே, ஆடாதொடை எங்கே கிடைக்கும் என்பதை மோனிக்கா சகோதரியின் உள்ளத்தில் தோன்றச் செய்யும். ஆமென்." இது லூர்துசாமி.

"ஆண்டவரே, வேலியோரத்தில் கிடப்பதைப் பார்க்காமலே நடக்கிறவர்களின் கண்களைத் திறந்தருளும். ஆமென்."

இப்படிப் பத்து வருடத்துக்கும் மேலாக ஓடியது. சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானது, கரண்டு போனது, மழை வந்து துணி நனைந்தது என்று எல்லாமே ஆண்டவர் காது வழியாகத்தான் போய்வந்தது. ஆண்டவர் அவர்களுக்குத் தபால்காரராக இருந்தார். "ஆண்டவரே, நான் ஆண்பிள்ளை என்பது உமக்குத் தெரியும்" என்று லூர்துசாமி ஒருமுறை எழுதிப்பார்த்தார். சொந்த விவரம் என்று நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரும் விட்டுவிட்டார்.

இரண்டு மூன்று வருடமாக மோனிக்காவின் செபங்கள் சுருங்கிப்போயிருந்தன. "ஆண்டவரே, லூசியா சாப்பிட்டாங்களா? ஆமென்." அவ்வளவுதான். நீளமாக எழுதக் கூடாது என்று நிர்வாகம் கண்டித்திருக்கும் என்று லூர்துசாமி நினைத்துக்கொண்டார். ஆனால் ஒருநாள் தவறாமல் வந்தது. உலகத்தில் அவர் சாப்பிட்டாரா என்று தினமும் கேட்க ஒரு ஜீவன் இருந்தது.

அந்த நிலைமையில்தான் கூடம் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

மூடும் குழு சுறுசுறுப்பானது. கூடம் நடந்த காலத்தில் வந்ததைவிட அதிகமான சுற்றறிக்கைகள் மூடுகிற காலத்தில் வந்தன. நிலுவையில் உள்ள செபங்களை மாத இறுதிக்குள் உறுப்பினர்களே முடித்துவைக்க வேண்டும் என்றது ஒன்று. கேட்ட வரம் கிடைத்ததா, கிடைக்கவில்லையா, ஆண்டவரின் பரிசீலனையில் இருக்கிறதா என்று குறிப்பிட வேண்டும். பரிசீலனையில் இருப்பவை மாதம் முடிந்ததும் தள்ளுபடி செய்யப்பட்டதாகக் கருதப்படும். கூடம் நல்லபடியாக மூடப்பட வேண்டும் என்று ஒன்பது நாள் நவநாள் செபம் அறிவித்தது இன்னொன்று. அதற்கும் "செபிக்கிறேன்" பட்டன் இருந்தது. யாரோ அதை அழுத்தியும் இருந்தார்கள்.

லூர்துசாமிக்கு ஒரே கவலைதான். தளம் போய்விட்டால் மோனிக்காவும் போய்விடுவார். அவருடைய ஊர் தெரியாது, பேர் தெரியாது. எப்படியாவது தன் போன் நம்பரை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். எண்களை எழுதினால் தளம் தானாகவே அழித்துவிடும். பைபிள் வசன எண்களை மட்டும் விட்டுவிடும். யோசித்தார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றதுகூடக் காதில் விழாமல் யோசித்து, கடைசியில் எழுதினார்:

"ஆண்டவரே, திருப்பாடல் 94:43-இல் தொடங்கும் கீழ்க்கண்ட வசனங்களை மோனிக்கா சகோதரி வரிசை மாறாமல் தியானிக்க அருள் தாரும்."

கீழே இன்னும் சில வசன எண்கள், பிறகு ஆமென். சேர்த்துப் படித்தால் அவருடைய நம்பர்.

செம்பியன் என்று ஒருவர் இருந்தார். பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் சில காலம் படித்துவிட்டு வந்தவர். கூடத்தின் கோட்பாட்டுச் சரிபார்ப்பாளர். தொண்ணூற்று நான்காம் திருப்பாடலில் அத்தனை வசனம் இல்லை என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மற்றவற்றையும் சரிபார்த்தார். பாதி வசனங்கள் பைபிளிலேயே இல்லை. ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருக்கும் உண்மையான வசனத்துக்கு மாற்றித் திருத்தி வெளியிட்டார்.

மறுநாள் மோனிக்காவிடமிருந்து வந்தது: "ஆண்டவரே, லூசியா சொன்ன வசனங்களைத் தியானிச்சேன். யாரோ ஒரு டயர் கடைக்காரர் எடுத்துத் திட்டுறார். ஆமென்."

லூர்துசாமி அதை இரண்டு தடவை படித்தார். நம்பர் போய்ச் சேரவில்லை. ஆனால் மோனிக்கா புரிந்துகொண்டிருக்கிறார், கூப்பிட்டும் இருக்கிறார். கூடவே இன்னொரு தகவலும் வந்திருந்தது. இல்லாத இறைவசனங்களை உற்பத்தி செய்த குற்றத்துக்காக லூசியா-9 சிதம்பரத்துக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

கீழவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் சபாபதி உட்கார்ந்திருந்தார்.

"சர்ச்சு விசயமா? மேல போங்க" என்றார். "நடந்தப்பல்லாம் மாசத்துக்கு ஒருத்தரு வருவாரு. மூடப்போறோம்னதும் மாடி தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு."

மேலே கதவருகில் செம்பியன் நின்றிருந்தார். லூர்துசாமி கும்பிட்டு, "சார், எம் பேரு..." என்று தொடங்கினார்.

"சொல்லாதீங்க!" என்று செம்பியன் காதைப் பொத்திக்கொண்டார். "விதி ஏழு. மூஞ்சியையும் காட்டக் கூடாது. அந்த நாற்காலியில சொவத்தப் பாத்து ஒக்காருங்க."

லூர்துசாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. விசாரணை முழுவதும் அவர் அந்தக் காலண்டரோடுதான் பேசினார்.

"லூசியா சகோதரி," என்றது முதுகுக்குப் பின்னால் பேராசிரியர் சார்லஸின் குரல், "நீங்கள் செய்தது என்னவென்று உணர்கிறீர்களா?"

"போன் நம்பர் குடுக்கப் பாத்தேங்க."

"அது சிறிய குற்றம்" என்றார் செம்பியன். "திருப்பாடல்ல இருவது வசனத்த ஜாஸ்தி பண்ணியிருக்கீங்க. அதப் பத்திப் பேசுங்க."

"தெரியாம பண்ணிட்டேங்க. மூடப்போறீங்க இல்லியா, மூடுறதுக்குள்ள மோனிக்கா அம்மாவோட நம்பரையாவது, வேணாம், ஊரையாவது சொன்னீங்கன்னா..."

"எதற்கு?"

"பேசுறதுக்குங்க."

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் எழுந்து நின்றுதான் பேசுகிறார் என்பது நாற்காலி நகர்ந்த சத்தத்தில் தெரிந்தது. கேட்பதற்கு இரண்டே பேர் இருந்தாலும் அவருக்கு எழுந்து நிற்கும் வழக்கம்.

"பேசுவதற்காகவா கூடத்தைத் தொடங்கினேன்? மக்கள் சேர்ந்து இருக்க வேண்டும், ஆனால் தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டால் என்ன ஆகும்? தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டால் தலைவர் எதற்கு? இத்தனை ஆண்டுகளில் கூடத்தில் ஒரு சண்டை இல்லை. ஒரு மரணம்கூட இல்லை, தெரியுமா உங்களுக்கு?"

"ஒருத்தர்கூடச் சாவலிங்களா?" லூர்துசாமி காலண்டரைப் பார்த்துக் கேட்டார்.

செம்பியன் விளக்கினார். உறுப்பினர் இறந்தால் இறப்புச் சான்றிதழ் இணைத்து அறிவிக்க வேண்டும். சான்றிதழில் பெயர் இருக்கும். பெயரை வெளியிடுவது விதி ஏழுக்கு எதிரானது. ஆகவே இதுவரை எந்த மரணத்தையும் ஏற்றுக்கொள்ள வழி ஏற்படவில்லை.

"செபத்தின் வல்லமை" என்றார் பேராசிரியர்.

"ஏங்க மூடுறீங்க சார்?" என்றார் லூர்துசாமி.

"மகனோடு இருக்கக் கனடா போகிறேன். நான் இல்லாவிட்டால் கூடம் நடக்காது என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது ஆணவம். நான் இல்லாமலே நடந்துவிட்டால் என்ன செய்வது? அதைத்தான் எண்ணிப் பார்த்தேன். மனம் தாங்கவில்லை."

மோனிக்காவின் ஊரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். அது அவர்களுக்கே தெரியாது என்பது கீழே இறங்கியபோது சபாபதி சொல்லித்தான் தெரிந்தது. "எழுதி வச்சாத்தானே இருக்கும்? அதுவும் ஏழாவது விதிதாங்க" என்றார்.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நிறைவு விழா வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் எல்லோருக்கும் அழைப்பு. முதன்முதலாக எல்லோரும் நேரில் கூடப்போகிறார்கள். "ஆண்டவரே, மோனிக்கா சகோதரி விழாவுக்கு வரட்டும். ஆமென்" என்று எழுதினார். "ஆண்டவரே, லூசியாவைப் பார்க்கத்தான் வர்றேன். ஒண்ணு சொல்லணும். ஆமென்" என்று பதில் வந்தது. லூர்துசாமி புதுச் சட்டை எடுத்தார். சலூனில் உட்கார்ந்து மீசைக்கு மை பூசச் சொன்னார். பிறகு வெட்கப்பட்டு, பாதியில் போதும் என்றுவிட்டார். அதனால் ஒருபக்கம் கொஞ்சம் அதிகமாகக் கறுத்திருந்தது.

மண்டப வாசலில் எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். எல்லா அட்டையிலும் "உறுப்பினர்" என்று மட்டும் அச்சிட்டிருந்தது. தன் பெயரையோ கூடத்துப் பெயரையோ யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று செம்பியன் மைக்கில் அறிவித்துக்கொண்டே இருந்தார். பத்து இருபது வருடம் ஒருவருக்கொருவர் செபித்துக்கொண்டவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முன்பின் தெரியாதவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். மாதா கோயிலில் இருப்பதுபோலவே ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். லூர்துசாமி பெண்கள் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முறைத்தாள்.

பேராசிரியர் நிறைவுரை ஆற்றினார். கூடம் தன் நோக்கத்தை அடைந்துவிட்டது என்றார். நோக்கம் என்னவென்று சொல்ல நேரம் இல்லை என்றார். கூடம்தான் மூடப்படுகிறது, நிர்வாகம் தொடரும் என்றார். மூடப்பட்ட கூடத்தின் நிரந்தரக் கண்காணிப்புக் குழு மாதந்தோறும் கூடும். கனடாவிலிருந்து வீடியோவில் தானே தலைமை ஏற்பார். "உறுப்பினர்களின் இடையூறு இல்லாமல் முழுமனதோடு பணியாற்ற இப்போதுதான் வாய்த்திருக்கிறது" என்றார். பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

பிறகு மன்றாட்டு. முன்கூட்டியே சரிபார்த்த மன்றாட்டுகளைச் செம்பியன் வாசிக்க, எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது மன்றாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் லூர்துசாமி எழுந்துவிட்டார். எடையைத் தவிர வேறு எதையும் சத்தமாகச் சொல்லிப் பழகாத குரலில் சொன்னார்.

"ஆண்டவரே, மோனிக்கா-மூணு இங்க இருந்தா, எழுந்து நிக்க அவுங்களுக்கு மனசக் குடும். நாந்தான் லூசியா. எனக்கு அவுங்களத் தவிர வேற யாரும் இல்ல. ஆமென்."

செம்பியன் விதிகளைப் புரட்டினார். செபிப்பதைத் தடுக்க விதி இல்லை.

பெண்கள் பக்கத்தில் ஒரு பெரியம்மாள் எழுந்தாள். "ஆண்டவரே, செபஸ்தியார்-ரெண்டு வந்திருந்தா, பேத்தி கல்யாணம் என்னாச்சின்னு சொல்ல வையும்."

ஜன்னலோரம் ஒரு கிழவர் எழுந்தார். "ஆண்டவரே, மாப்ள வீட்டுக்காரன் பேச்சு மாறிட்டான்னு அந்தம்மாகிட்ட சொல்லும்."

"ஆண்டவரே, அப்பவே நான் வேணாம்னு செபிச்சனே!"

அவ்வளவுதான். மண்டபம் முழுக்க ஆண்டவரே, ஆண்டவரே என்று எழுந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன. ஒருவரையொருவர் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு அழுதார்கள். பேராசிரியர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். தனக்கு எதிராகக் கலகம் நடக்கிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் அவரை யாரும் நினைக்கவே இல்லை.

லூர்துசாமி நின்றுகொண்டே இருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவரை நோக்கி யாரும் வரவில்லை.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "ஆண்டவரே, இந்த ஆளு பொய் சொல்றாரு. லூசியா ஒரு பொம்பள."

லூர்துசாமி திரும்பினார். கட்டம்போட்ட சட்டை, வெயிலில் கறுத்த முகம், அவர் வயதுதான் இருக்கும்.

"ஆண்டவரே, நாந்தான் லூசியா. அவுரு யாருன்னு கேளும்."

அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "வெளிய வாங்க" என்றார், ஆண்டவரை விட்டுவிட்டு.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுவரை இருவரும் நடந்தார்கள். கடலூர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு காலியாக இருந்தது.

"நான் வேதக்காரன் இல்லிங்க, இந்து" என்றார் அந்த ஆள். "பேரு சடையப்பன். பிச்சாவரம் பக்கம் ஐஸ் பேக்டரில இருக்கேன். எங்க வூட்டுக்காரிதான் வேதம். இந்தக் கூடத்துல எழுதுனது அவதான்."

"அவுங்க வரலியா?"

சடையப்பன் எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தார். "மூணு வருசம் ஆச்சுங்க. கொடல்ல கட்டி. அங்க எழுதிப் போட்டேன், செத்துட்டாள்னு. அழிச்சிட்டாங்க. மறுபடியும் போட்டேன். சர்ட்டிபிகேட் கேட்டாங்க, அனுப்புனேன். பேரு இருக்குன்னு அதையும் அழிச்சிட்டாங்க. நீங்க பாட்டுக்குத் தெனம் எழுதிக்கிட்டு இருந்தீங்க. மோனிக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா, ஏன் பேச்சக் காணோம்னு. சாவறதுக்கு முன்னாடி அவ சொல்லியிருந்தா, லூசியாம்மாவுக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம போயிடக் கூடாதுன்னு. லூசியாவ விட்டுறாதன்னா."

"நீங்கதானா தெனம் கேட்டது? சாப்டாங்களான்னு?"

"எனக்கு வேற என்னங்க கேக்கத் தெரியும்?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பொம்பளகிட்ட நேர்ல சொல்லணுமேன்னுதான் வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு ராத்திரில்லாம் பாடம் பண்ணி வச்சிருந்தேன். நீங்க மீசையோட வந்து நிக்கிறீங்க."

லூர்துசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய துக்கம் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன்னைத் தேடிய ஒரே ஆள், செத்துப்போன ஒருத்திக்குக் கொடுத்த வாக்குக்காகத் தேடியிருக்கிறார். அதுவும் தன்னை வேறு யாரோ என்று நினைத்து.

"அவுங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

"முத்தம்மா."

"ஆண்டவரே," என்று லூர்துசாமி தொடங்கினார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எப்போதும் யாருக்காவது ஒரு சேதி வரும். இப்போது ஒன்றும் வரவில்லை. வெறுமனே ஆண்டவரிடம் மட்டும் சொல்ல அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

கடலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கடலூர், கடலூர் என்று கத்தினான். ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள்.

"ஒங்க பஸ்ஸுங்க" என்றார் சடையப்பன்.

லூர்துசாமி எழுந்தார். பஸ்ஸைப் பார்த்தார். ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. திரும்ப வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அடுத்ததுல போறேன்."

"அது இதவிடக் கூட்டமா வரும்."

"வரட்டும்" என்றார் லூர்துசாமி.